தண்டவாளத்தில் ஒண்டுக் குடித்தனம்

ஒண்டுக் குடித்தனத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே முற்றம், ஒரே குழாய், ஒரே குளியலறை. ஆபீஸுக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்த மாமி, எல்லாருக்கும் அதே நிமிஷத்தில் அதே குளியலறைதான் வேண்டும்! மற்ற நேரமெல்லாம் அது காலியாகக் கிடக்கும். இடம் போதவில்லை என்று அங்கே சண்டை வருவது அபூர்வம். முறை தவறிவிட்டது என்றுதான் சண்டை வரும்.

ரயிலும் பஸ்ஸும் இப்படி ஒண்டுக் குடித்தனம் செய்தால் எப்படி இருக்கும்? தண்டவாளத்தில் ரயில் போகிறது. அது போன கையோடு அதே பாதையில் ஒரு பஸ் வருகிறது. பஸ் போனதும் மறுபடி ரயில்! "இதென்ன, சர்க்கஸா?" என்று சிரிக்காதீர்கள். நிஜமாகவே நடந்திருக்கிறது. ஒரு ஊரில் ஏழு வருஷம். இன்னொரு ஊரில் ஏறக்குறையப் பத்து வருஷம். இரண்டிலும் கடைசியில் பஸ்தான் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது. ஏன் குடியேறியது, ஏன் வெளியேறியது, அதனால் யாருக்கு நஷ்டம் என்று பார்த்துவிட்டு வரலாம், வாருங்கள். டிக்கெட் செலவு இல்லை. ஒரு குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் போகிற முதல் இரண்டு ஊர்களும் மழைக்குப் பேர்போனவை.

ஏறி இறங்கும் கஷ்டம்

புறப்படுவதற்கு முன் ஒரு விஷயம். இந்த விபரீத யோசனை யாருக்கு, எதற்காகத் தோன்றியது?

ஊர் நடுவே பூமியைக் குடைந்து ரயில் பாதை போடுவதற்குக் கோடி கோடியாகச் செலவாகிறது. அத்தனை செலவு செய்த பாதையில் சில நிமிஷங்களுக்கு ஒரு ரயில் வருகிறது. நடுவே சுரங்கம் சும்மா கிடக்கிறது. தலைக்கு மேலே தெருவிலோ, பஸ்களும் கார்களும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி ஊர்கின்றன.

புறநகரில் இருக்கும் ஒரு தாயாரை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை, தோளில் பை. அவள் தெருக்கோடியில் பஸ் ஏறுகிறாள். ஊர் எல்லையில், "எல்லாரும் இறங்குங்கள், இனி ரயில்" என்கிறார்கள். இறங்கி, படிகளில் கீழே போய், காத்திருந்து, ரயில் ஏற வேண்டும். போக்குவரத்து நிபுணர்களின் கணக்கில் இது "ஒரு மாற்றம்", ஐந்து நிமிஷம். அவளுக்கோ அது ஒரு நாள் வேலை!

அவள் ஏறிய பஸ்ஸே அப்படியே சுரங்கத்துக்குள் நுழைந்து, ரயில் பாதையிலேயே போய், கடைத்தெருவின் கீழே அவளை இறக்கிவிட்டால்? ரயிலுக்கும் நஷ்டம் இல்லை, பஸ்ஸுக்கும் நெரிசல் இல்லை, அவளுக்கும் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இதைவிட நல்ல யோசனை உண்டா, சொல்லுங்கள்!

சாப்பாட்டூரில் தடப் பஸ்

முதலில் ஜெர்மனியில் உள்ள எஸ்ஸன் நகரம். ஜெர்மன் பாஷையில் "எஸ்ஸன்" என்றால் சாப்பாடு. ஊர்ப் பெயருக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்கிறார்கள். இருந்தாலும் ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பசி எடுத்தால் அது நம் தப்பில்லை.

ரூர் நதியை ஒட்டிய இந்த வட்டாரம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உலைகளுமாகப் புகை கக்கிக்கொண்டிருந்தது. க்ரூப் என்ற பெயர் உங்களுக்குப் பழக்கமானதாகவே இருக்கும். ஒரிஸ்ஸாவில் ரூர்கேலா உருக்காலையை நிறுவ நமக்கு உதவிய ஜெர்மன் கம்பெனிகளில் ஒன்று. அதன் பூர்வீகம் இதே எஸ்ஸன்தான். 1811-இல் இங்கேதான் பிறந்தது. அந்தக் குடும்பத்தார் 1873-இல் குடிபுகுந்த 'வில்லா ஹியூகல்' மாளிகையில் 269 அறைகள். வீட்டைப் பெருக்குவதற்கு எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்று நம் வீட்டு அம்மாக்கள் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்! ட்ஸோல்ஃபெரைன் என்ற பிரமாண்டமான நிலக்கரிச் சுரங்கத்தை 1986-இல் மூடிவிட்டார்கள். 2001-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாகிவிட்டது. கரி மூட்டிய இடத்தில் இன்று கலைக்கூடம். சுரங்கக் கோபுரத்தை டூரிஸ்டுகள் போட்டோ எடுக்கிறார்கள்.

இந்த ஊரில் 1980-இல் ஒரு புது மாதிரியான பஸ் ஓட ஆரம்பித்தது. பார்ப்பதற்குச் சாதாரண பஸ்தான். முன் சக்கரங்களுக்குப் பக்கத்தில், இரு புறமும், படுத்த வாக்கில் ஒரு சின்ன உருளைச் சக்கரம் துருத்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பஸ் ஓடுவதற்கென்றே ஒரு பாதை. அதன் இரண்டு ஓரத்திலும் முழங்காலுக்கும் கீழே ஒரு விளிம்புச் சுவர். பஸ் உள்ளே நுழைந்ததும், அந்தச் சின்னச் சக்கரங்கள் இரண்டு பக்கச் சுவர்களையும் தொட்டுக்கொண்டு உருளும். அவை முன் சக்கரங்களோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சுவர் எப்படி வளைகிறதோ, அப்படியே பஸ்ஸும் வளையும். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொண்டு, காலால் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்தால் போதும். பாதை முடிந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாதாரணத் தெருவில் இறங்கிவிடலாம்.

ஜெர்மானியர் இதை 'ஷ்பூர்புஸ்' என்கிறார்கள். தடம் பிடித்து ஓடுவதால் நாம் 'தடப் பஸ்' என்று வைத்துக்கொள்வோமே!

"சாலையில் ஒழுங்காக ஓடுகிற பஸ்ஸுக்கு எதற்கு இந்தக் கடிவாளம்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மனிதர் ஓட்டும் பஸ் கொஞ்சம் இப்படியும் அப்படியும் அலையும். அதற்கு இடம் விட்டுத்தான் சாலை போட வேண்டும். தடம் பிடித்து ஓடினால் பஸ்ஸின் அகலத்துக்கு மேல் ஒரு சாண் இருந்தால் போதும். டிராமுக்கென்று அளவெடுத்து வெட்டிய குறுகலான சுரங்கத்தில் கூட நுழைந்து வெளியே வரலாம். எஸ்ஸன்காரர்களின் கண் அந்தச் சுரங்கத்தின் மேல்தான்!

சென்னையில் டிராம் ஓடியதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1953-இல் நமக்கு அதோடு சம்பந்தம் விட்டுப் போய்விட்டது. எஸ்ஸனில் டிராமை விடவில்லை. ஊர் நடுவில் அதைப் பூமிக்கடியில் இறக்கிவிட்டார்கள். 1983-இல் தரைக்கு மேலே ஒரு தெருவில் டிராமையும் தடப் பஸ்ஸையும் ஒரே பாதையில் விட்டுப் பார்த்தார்கள். அது சரிப்பட்டு வரவே, 1988-இல் பஸ்ஸைச் சுரங்கத்துக்குள்ளேயே அனுப்பினார்கள்.

கிழக்கே க்ரை என்ற பகுதியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். நாற்புறமும் கார்கள் பறக்கும் பெரிய நெடுஞ்சாலையின் நடுவே, முன்பு டிராம் ஓடிய இடத்தில், பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டிருந்தார்கள். இரு பக்கமும் கார்கள் தேங்கி நின்றாலும் நம் பஸ் நடுவில் விர்ரென்று போகும். சுரங்க வாயில் வந்ததும் டீசல் எஞ்சின் அடங்கிவிடும். பூமிக்கடியில் புகை விடலாமா? அதனால் பஸ்ஸின் கூரையிலிருந்து இரண்டு கம்புகள் எழும்பி, மேலே உள்ள மின்சாரக் கம்பிகளைத் தொட்டுக்கொள்ளும். அப்புறம் மின்சாரத்தில் ஓட்டம். முன்னால் டிராம், பின்னால் டிராம், நடுவில் நம் பஸ்!

கம்பி ஒன்றா, இரண்டா?

ஒண்டுக் குடித்தனத்தின் சங்கடங்கள் இனிமேல்தான் ஆரம்பம்.

டிராமுக்கு மேலே ஒரே ஒரு மின்கம்பி போதும். அதில் வரும் மின்சாரம் இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடும். பஸ்ஸுக்கோ ரப்பர் டயர். மின்சாரம் கீழே இறங்க வழி இல்லை. எனவே போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனத்துக்கும் தனித்தனியாகக் கொடி கட்டித் துணி உலர்த்துவது போல, ஒருவருடையதில் மற்றவருடையது சிக்காமல் கம்பிகளை அமைக்க வேண்டும்.

அடுத்தது, பாதை பிரியும் இடம். டிராம் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்ப வேண்டுமானால், அதன் தண்டவாளம் பஸ்ஸின் விளிம்புச் சுவரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். சுவரை அங்கே உடைத்துவிட்டால் பஸ்ஸுக்குப் பிடிமானம் போய்விடும். உடைக்காவிட்டால் டிராம் திரும்ப முடியாது. ஒவ்வொரு சந்தியிலும் இந்த வழக்குக்கு ஒரு பஞ்சாயத்து!

எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், பஸ்ஸே இரட்டை வேஷக்காரன் என்பது. டீசல் எஞ்சினும் வேண்டும், மின்மோட்டாரும் வேண்டும், கூரைக் கம்பும் வேண்டும், தடச் சக்கரமும் வேண்டும். ஒன்று பழுதானாலும் வண்டி நின்றுவிடும். தெருவில் ஒரு பஸ் நின்றால் மற்றவை சுற்றிக்கொண்டு போகும். சுரங்கத்தில் நின்றால்? அதன் பின்னால் வரும் டிராம் அத்தனையும் வரிசையாக நிற்க வேண்டியதுதான். குளியலறைக்குள் போனவர் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்ட கதை!

1995-இல், ஏழு வருஷம் ஓடிய பிறகு, பஸ்களைச் சுரங்கத்திலிருந்து மேலே அனுப்பிவிட்டார்கள். டிராம் தன் வீட்டில் தனியாக ஓடத் தொடங்கியது. க்ரையிலிருந்து வந்தவர்கள் பஸ்ஸில் ஏறினால் பூமிக்கடியில் இறங்கும் சௌகரியமும் அதோடு போயிற்று.

சியாட்டிலில் பத்து வருஷம்

எஸ்ஸன் பஸ்ஸுக்கு யந்திரக் கோளாறு, அதனால் தோற்றது என்று சொல்லிவிடலாம். யந்திரங்கள் ஒழுங்காக ஓடியிருந்தால் குடித்தனம் நிலைத்திருக்குமா? அதைத் தெரிந்துகொள்ள அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைத் தாண்டி, அமெரிக்காவின் மறு கோடிக்குப் போக வேண்டும்.

சியாட்டில். ஒரு பக்கம் கடல் கழி, மறு பக்கம் ஏரி, நடுவில் மேடும் பள்ளமுமாக ஊர். கடற்கரை ஓரத்தில் 1907 முதல் நடக்கும் பைக் பிளேஸ் மார்க்கெட். மீன்கடையில் பெரிய மீனை ஒருவர் வீச, இன்னொருவர் பந்து பிடிப்பது போலப் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடும். ஏரிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஊருக்குள் வர மிதக்கும் பாலங்கள் உண்டு. ஆம், தண்ணீரின் மேல் மிதக்கும் கான்கிரீட் பாலங்கள்! ஏரி அவ்வளவு ஆழம். தூண் நிறுத்துவது கஷ்டம்.

இந்த ஊரில் 1990-ஆம் வருஷம் செப்டம்பரில் கடைவீதிகளின் கீழே ஒரு சுரங்கத்தைத் திறந்தார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஐந்து நிலையங்கள். பூமிக்கடியில் இருந்தாலும், மேடை, தூண், சுவர்ச் சித்திரம் எல்லாம் அரண்மனை மாதிரி. விசேஷம் என்னவென்றால், இது பஸ்ஸுக்காகவே வெட்டிய சுரங்கம்! இத்தாலியில் செய்த 236 பஸ்கள். எஸ்ஸனைப் போலவே வெளியே டீசல், உள்ளே மின்சாரம். சுரங்க வாயிலில் நின்று கம்பை உயர்த்திக்கொண்டு உள்ளே போகும். எஸ்ஸனில் போலக் கடிவாளம் மட்டும் இல்லை. டிரைவரேதான் ஸ்டியரிங் பிடித்து ஓட்டினார்.

"பின்னால் ஒரு நாள் ரயில் வரும், அப்போது எதற்குத் தோண்ட வேண்டும்?" என்று முன்யோசனையோடு 1990-லேயே தண்டவாளத்தையும் பதித்துவிட்டார்கள். பெண் பிறந்ததுமே கல்யாணப் பாத்திரம் வாங்கி வைக்கிறோமே, அந்த மாதிரி. கல்யாணம் நிச்சயமானபோது பாத்திரம் உதவவில்லை! தண்டவாளத்திலிருந்து மின்சாரம் மண்ணுக்குள் கசியாமல் இருக்கச் சரியான காப்பு இல்லை. வரப்போகும் ரயிலோ தாழ்வான தளம் கொண்ட புது ரகம். அதற்குப் பாதையைக் கீழே இறக்க வேண்டும். ஒரு ரயில் கூட ஓடாமலே அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எறிந்துவிட்டு, 2005 முதல் 2007 வரை சுரங்கத்தை மூடி வைத்து, புதிதாகப் பதித்தார்கள்.

இத்தாலி பஸ்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அவற்றில் சிலவற்றின் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, முழு மின்சார பஸ்ஸாக்கித் தெருவில் ஓட்டினார்கள். பழைய பட்டுப்புடவையைப் பாவாடையாக்கித் தைப்பது நமக்கு மட்டும் தெரிந்த வித்தையல்ல! சுரங்கத்துக்கு, புகை குறைந்த கலப்பு எஞ்சின் பஸ்கள் வந்தன.

2009-ஆம் வருஷம் ஜூலை 18-ந் தேதி ரயில் குடியேறியது. அன்று முதல் ஒரே பாதையில், ஒரே மேடையில், ரயிலும் பஸ்ஸும். தண்டவாளம் சாலையோடு சமமாகப் பதிந்திருந்ததால் டயருக்குத் தடை இல்லை. ஏரியின் கிழக்குக் கரையில் பெல்வியூ என்ற ஊரில் 550-ஆம் நம்பர் பஸ் ஏறினால், மிதக்கும் பாலத்தைத் தாண்டி, சுரங்கத்தில் நுழைந்து, கடைவீதியின் அடியில் போய் இறங்கலாம். எதிர் மேடையில் விமான நிலையத்துக்குப் போகும் ரயில் வரும். மழையில் நனைய வேண்டாம்.

சில்லறை செய்த வேலை

இங்கே யந்திரங்கள் ஒழுங்காகவே ஓடின. குடித்தனத்தில் தகராறு வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கிருந்து தெரியுமா? நம் கைப்பையிலிருந்து!

அந்த ஊரில் வெகு காலமாக ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஊர் நடுவில் பஸ்ஸில் ஏறி இறங்கக் காசு கிடையாது. சுரங்கத்தில் பஸ் வந்ததும் எல்லாக் கதவும் திறக்கும், ஜனங்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள், பஸ் கிளம்பிவிடும். வெளியூர்ப் பகுதியில் இறங்கும்போது காசு கொடுத்தால் போதும். 2012 செப்டம்பரோடு அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அதன் பிறகு ஏறும்போதே காசு. முன் கதவு வழியாக ஒவ்வொருவராக வர வேண்டும். ஒருவர் பையைத் துழாவுகிறார், ஒருவர் நோட்டை நீட்டுகிறார், ஒருவர், "இந்த பஸ் எங்கே போகும்?" என்று டிரைவரை விசாரிக்கிறார். நியாயமான காரியங்கள்தாம். ஆனால் முன்னால் நிற்கும் பஸ் நகர்ந்தால்தான் பின்னால் வரும் ரயில் நிலையத்துக்குள் நுழைய முடியும். ரயிலில் நூற்றுக்கணக்கான பேர் இருட்டுச் சுரங்கத்தில் காத்திருக்கிறார்கள். ஒரே ஒருவரின் சில்லறைக்காக!

ரயிலுக்கு டிக்கெட் மேடைக்கு வரும் முன்பே வாங்கியாயிற்று. பஸ்ஸுக்கு ஏறும் இடத்தில். ரயிலுக்குப் பல கதவு. பஸ்ஸுக்கு முன் கதவு ஒன்று. சக்கர நாற்காலியில் வருகிறவர் ரயிலுக்குள் மேடையிலிருந்து நேராக உருண்டு போய்விடுவார். பஸ்ஸில் பலகை இறக்கி, டிரைவர் எழுந்து வந்து உதவி செய்து ஏற்ற வேண்டும். தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்வது சுலபம். மேடையில் நிற்கும் அந்த அரை நிமிஷத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் கஷ்டம். எஸ்ஸனில் கம்பியும் சுவரும் மறைத்துவிட்ட இந்த உண்மையை சியாட்டில் எடுத்துக் காட்டியது.

இதற்கிடையே ரயில் வளர்ந்தது. 2016-இல் பல்கலைக்கழகம் வரை நீண்டது. கூட்டம் கூடியது, இன்னும் அடிக்கடி ரயில் விட வேண்டிய நாள் நெருங்கியது. பஸ்கள் மட்டும் நின்றுகொண்டிருந்த கோடி நிலையம் 2018-இல் மூடப்பட்டது. மாநாட்டு மண்டபத்தின் விஸ்தரிப்புக்கு அந்த இடம் தேவைப்பட்டது. 2019-ஆம் வருஷம் மார்ச் 23-ந் தேதியோடு பஸ்கள் சுரங்கத்தை விட்டு வெளியேறின.

பெல்வியூ பஸ்ஸில் வந்தவர்களுக்கு அன்று முதல் தெருவில்தான் இறக்கம். மழை, சிவப்பு விளக்கு, கார் நெரிசல் எல்லாம் உண்டு. ஆனால் சியாட்டில்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வெளியேறிய பஸ்களை நடுத்தெருவில் நிறுத்திவிடவில்லை. மூன்றாம் அவென்யூவில் பகல் நேரத்தில் கார்கள் நேராக ஓட முடியாதபடி பஸ்ஸுக்கு முதல் உரிமை கொடுத்திருந்தார்கள். வேறு சில தெருக்களிலும் பஸ்ஸுக்கென்று தனி வரிசை ஒதுக்கினார்கள். தனிக்குடித்தனம் போகும் பிள்ளைக்கு இரண்டு பாத்திரமாவது கொடுத்து அனுப்புவது போல! சுரங்கத்தின் சுகம் அதில் இல்லைதான். வெறுங்கையோடு போவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஜப்பானின் சமர்த்து

"பஸ்ஸையே ரயிலாக மாற்றிவிட்டால்?" என்று உங்கள் வீட்டுச் சிறுவன் கேட்கக்கூடும். கேட்டதைச் செய்துவிட்டார்கள் ஜப்பானியர். ஷிகோகு தீவில், கடலோரமாக ஓடும் அசா ரயில்வேயில், 2021-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ஒரு வண்டி விட்டார்கள். தெருவில் பஸ், நிலையம் வந்ததும் வயிற்றிலிருந்து இரும்புச் சக்கரங்கள் இறங்கும், பதினைந்து விநாடியில் ரயில்! பத்துக் கிலோமீட்டர் தண்டவாளத்தில் ஓடிவிட்டு மறுபடி தெருவில் இறங்கிவிடும்.

ஆனால் அங்கேயும் ஒரு சூட்சுமத்தைக் கவனியுங்கள். அந்தத் தண்டவாளத்தில் இப்போது வேறு ரயில் கிடையாது. கனமான ரயில்களுக்காகச் செய்த சிக்னல் முறைக்கு இந்த இலேசான வண்டியைக் கண்டுகொள்வது கஷ்டம். இரண்டையும் கலந்து விடுவது ஆபத்து. ஆகவே, பாதை முழுவதும் புதியவருக்கே! ஒண்டுக் குடித்தனமே வேண்டாம் என்று தீர்மானித்த குடும்பம் அது.

தனி வீட்டுக்காரர்

கடைசியாக, தெற்கே ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரம். எஸ்ஸனில் பிறந்த தடப் பஸ் பிறந்த வீட்டைவிடப் புகுந்த வீட்டில் அதிக செல்வாக்கோடு வாழ்வதை இங்கே பார்க்கலாம்.

வடகிழக்குப் புறநகர்களுக்கு டிராம் விடுவதாக முதலில் திட்டம். ஊர் நடுவிலுள்ள பூங்காக்களை அது கெடுத்துவிடும் என்று எதிர்ப்பு வந்தது. ஆட்சி மாறியது. ஜெர்மனியில் ஓடும் தடப் பஸ்ஸின் மேல் புதிய ஆட்சியின் பார்வை விழுந்தது. டாரன்ஸ் ஆற்றோரமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் தடம் போட்டார்கள். ஆற்றோர மண் இளகியது என்பதால் தூண்கள் இறக்கி அதன் மேல் தடத்தை அமைத்தார்கள். 1986-இல் ஒரு பாதி, 1989-இல் மறு பாதி திறப்பு விழா கண்டது.

பாதை நெடுக மொத்தம் மூன்றே நிலையங்கள். ஒன்றின் பெயர் 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம்! "சொர்க்கத்துக்கு ஒரு டிக்கெட்" என்று பிராணனை விடாமலே கேட்கக்கூடிய ஊர் அது. இன்னொன்று க்ளெம்ஸிக். 1838-இல் ஜெர்மானியர் வந்து குடியேறிய இடம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜெர்மன் பஸ்ஸும் அங்கேயே வந்து நிற்கிறது!

இங்கே ரயிலும் இல்லை, டிராமும் இல்லை. தடம் பஸ்ஸுக்கே சொந்தம். ஆரம்பத்தில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வரை பறந்தது. பிறகு எண்பத்தைந்தாகக் குறைத்தார்கள். ஆற்றங்கரை மரங்கள் இருபுறமும் ஓட, டிரைவரின் கை ஸ்டியரிங்கில் இல்லாததைப் பார்த்து முதல் தடவை ஏறுகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். தடம் முடிந்ததும் பஸ்கள் கிளை பிரிந்து, வெவ்வேறு குடியிருப்புகளுக்குள் போய், வீட்டருகே இறக்கிவிடும். நாம் முதலில் பார்த்த தாயார் இந்த ஊர்க்காரியாக இருந்தால் அவளுக்கு மாறி ஏறும் வேலையே கிடையாது.

வேண்டாத விருந்தாளிகளும் உண்டு. வழி தெரியாமலோ, குறும்பாலோ சிலர் காரை உள்ளே விட்டுவிடுகிறார்கள். அதற்காகத் தடத்தின் நடுவே ஒரு இரும்புத் துண்டை நட்டு வைத்திருக்கிறார்கள். உயரமான பஸ் அதைத் தாண்டிவிடும். தாழ்வான காரின் அடிவயிற்றை அது கிழித்துவிடும்! 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்ற பலகையைவிட இது கண்டிப்பானது.

யார் வீடு? யார் முறை?

அப்படியானால் ஒண்டுக் குடித்தனமே கூடாது, தனி வீடுதான் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? நான் சொல்ல மாட்டேன். தனி வீடு கட்ட எல்லா ஊருக்கும் ஆற்றங்கரையில் பன்னிரண்டு கிலோமீட்டர் காலி நிலம் கிடைப்பதில்லை. சியாட்டிலில் ரயில் வரும் வரை அந்தச் சுரங்கம் யாருக்கு உபயோகப்பட்டது? பஸ்ஸுக்குத்தான். ரயில் சிறுபிள்ளையாக இருந்த பத்து வருஷமும் சுரங்கம் காலியாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டது யார்? அதே பஸ்தான். அத்தனை வருஷமும் ஆயிரமாயிரம் பேர் மழையில் நனையாமல், தெருவில் தேங்காமல் வீடு போய்ச் சேர்ந்தார்களே, அது வீண் இல்லை.

ஆனால் குடிவரும் அன்றே சில விஷயங்களைப் பேசி முடித்துவிட வேண்டும். காசை எங்கே வாங்குவது? மேடைக்கு வரும் முன்பா, ஏறும்போதா? ஒருவர் வண்டி பழுதானால் மற்றவருக்கு என்ன வழி? குடும்பம் பெருகினால் யார் வெளியேறுவது? முக்கியமாக, வெளியேறுகிறவருக்கு எங்கே இடம்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஆரம்பித்தால், ரயில் வேகமாகப் போவதை எல்லாரும் கொண்டாடும்போது, ஓசைப்படாமல் நஷ்டப்படுகிறவள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நிற்கும் அந்தத் தாயார்தான். அவளுடைய ஐந்து நிமிஷம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

உங்கள் ஊரிலும் என்றாவது புது ரயில் பாதை வரலாம். பஸ்ஸுக்கென்று தனித் தடம் வரலாம். படம் போட்டு விளம்பரம் செய்வார்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், நேயர்களே! "என் தெருக்கோடியில் ஏறினால் எத்தனை தடவை இறங்கி ஏற வேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டால், இன்னொரு தடவை கேளுங்கள்.